தொடர்பில்லாத ஒரு சான்று

நீக்கல் அறிவிப்பு வந்தபோது வியாகுலம் தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். காலை ஒன்பது மணிதான். அதற்குள் தூத்துக்குடி வெயில் தார்ச்சாலையை இளக்கத் தொடங்கியிருந்தது. அவளுக்கு முன்னால் பதினாறு குடங்கள். இடுப்பில் செருகியிருந்த போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. கண்ணாடி இல்லாமல் எதையும் படிக்க முடியாத வயது அவளுக்கு. தன் முறை வந்து, பங்குக்கு உரிய இரண்டு குடத்தைப் பிடித்து, வீட்டில் கொண்டுவந்து இறக்கி, ஈரக்கையைச் சேலையில் துடைத்த பிறகுதான் எடுத்துப் பார்த்தாள்.

“உப்பாற்றுப் படக்கூடம் என்ற கட்டுரை பொதுக் கலைக்களஞ்சியத்திலிருந்து நீக்கப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. காரணம்: குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை. உரையாடல் ஏழு நாள் திறந்திருக்கும்.”

குறிப்பிடத்தக்கமை. அந்தச் சொல்லை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். சண்டையிலோ சமாதானத்திலோ எந்த மனிதரும் வாயால் சொல்லியிருக்க முடியாத சொல். எழுதினவன் பேசிப் பார்க்காமல் எழுதியிருக்கிறான் என்று தோன்றியது.

அரை மணி நேரத்தில் லூர்து வந்துவிட்டான். படக்கூடத்தின் மூன்று படங்களுக்கும் ஒளிப்பதிவு செய்தவன் அவன்தான். இப்போது உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கிறான். ஐம்பத்தைந்து வயதாகியும் அவளை மைனி என்றும், படக்கூடத்தைத் தொடங்கிப் படங்களை இயக்கிய, இறந்துபோன அவள் கணவன் ஆல்பனை அண்ணன் என்றும்தான் சொல்வான்.

“பாத்தியளா மைனி?”

“பாத்தேன். நீக்கினா நீக்கட்டுமே. நீ எழுதின நாலு வரிக் கட்டுரைதான? அதுலயும் ரெண்டு எழுத்துப்பிழை.”

லூர்து சிரிக்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தான்.

“கட்டுரை போச்சுன்னா படமும் போயிரும் மைனி.”

“எங்க போயிரும்?”

“கிடங்குலேருந்து. மூணு மாசத்துக்கு முன்னால சட்டம் வந்துச்சுல்லா, பேப்பர்ல பாக்கலையா? உலகத்துப் படம், பாட்டு எல்லாம் அந்தக் கிடங்கு மிஷினுக்குள்ளதான் இருக்கு. மிஷின் சூடாகும். ஆறவைக்கத் தண்ணி வேணும். நமக்குக் குடிக்கவே இல்ல. அதனால பழசெல்லாம் அழிக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க.”

“எதை வைக்கணும், எதை அழிக்கணும்னு யார் சொல்லுதா?”

“அதான் பிரச்சினை. சர்க்கார் சொன்னா கட்சிக்காரன் படம் மட்டுந்தான் மிஞ்சும்னு கேஸ் போட்டாங்க. கோர்ட்டு யோசிச்சு, கலைக்களஞ்சியத்துக்கிட்ட தள்ளிவிட்டுட்டு. அது பொது ஆளுங்க சேந்து எழுதுறது, பாரபட்சம் இருக்காதுன்னு. அங்க ஒரு கம்பெனிக்குக் கட்டுரை இருந்தா அது எடுத்த படம் இருக்கும். இல்லைன்னா முப்பது நாள்ல துடைச்சிருவாங்க.”

வியாகுலம் போனை மேசைமேல் வைத்தாள். பிறகு கேட்டாள்.

“நம்ம மூணு படமும் சேந்து எவ்வளவு தண்ணி குடிக்குமாம்?”

“ஒரு நாளைக்கு ரெண்டு குடம்னு கணக்குச் சொல்லுதாங்க.”

அடுப்பங்கரை வாசலில் அவள் இறக்கிவைத்த இரண்டு குடங்களும் வியர்த்துக்கொண்டிருந்தன. இருவரும் அவற்றைப் பார்த்தார்கள். யாரைக் குறை சொல்வது என்று அவளுக்கு விளங்கவில்லை. எதிர்வீட்டு ராஜாத்திக்குக் கைக்குழந்தை. அவளும் இன்று இரண்டு குடத்தோடுதான் திரும்பினாள்.

படங்களின் பிரதி வீட்டில் இல்லை. ஆறு வருடத்துக்கு முன், குளம் உடைந்து ஊருக்குள் வெள்ளம் வந்த நாளில், கீழத்தெருவில் இருந்த எடிட்டிங் அறைக்கு வன்தட்டுகளை எடுத்துவரப் போனான் ஆல்பன். “பத்து நிமிசம், வந்துட்டேன்” என்றான். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் கண்டெடுத்தார்கள். வன்தட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பனியனுக்குள் வைத்துக் கட்டியிருந்தான். பைக்குள்ளும் சேறு போயிருந்தது.

சுவரில் அவன் போட்டோ ஒன்று இருக்கிறது. ஆனால் போட்டோ அசையாது. எப்போதும் கேமராவுக்குப் பின்னாலேயே நின்ற மனிதன். அவளைத் தவிர அவனை யாரும் படம் பிடித்ததில்லை. அவள் போனில் இருந்த சிறு துண்டுகள், வீட்டிலோ போனிலோ எதையும் ஐந்து வருடத்துக்கு மேல் சேமிக்கக் கூடாது என்று சர்க்கார் சொன்னபோதே போய்விட்டன. மிஞ்சியிருப்பது அவர்களுடைய முதல் படமான ‘ஏழாம் பாத்தி’யில் வரும் நான்கு நிமிடம். அதில் அவன் பிணமாகப் படுத்திருக்கிறான்.

உப்பளத் தொழிலாளி ஒருவன் இறந்து கிடக்கும் காட்சி அது. பிணமாக நடிக்க ஒத்துக்கொண்ட ஆளை அன்று காலை அவன் பெண்டாட்டி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆல்பன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தானே படுத்துவிட்டான். மூக்கில் பஞ்சு, தாடையில் கட்டு. வெட்டில்லாமல் நான்கு நிமிடம் ஓடும் காட்சி. கூர்ந்து பார்த்தால் நெஞ்சு ஏறி இறங்குவது தெரியும். மூச்சை அடக்கத் தெரியாத மனிதன்.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வியாகுலம் அந்த நான்கு நிமிடத்தைப் பார்க்கிறாள். நாற்பத்தாறு மூச்சு. ஒன்று குறைந்ததில்லை, ஒன்று கூடியதில்லை.

“லூர்து,” என்றாள், “அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? எதைக் காட்டினா வச்சுக்கிடுவாங்க?”

“நம்மளப் பத்தி வெளியாள் எழுதியிருக்கணும். அச்சுல வந்திருக்கணும். விரிவா இருக்கணும். எழுதினவருக்கும் நமக்கும் தொடர்பு இருக்கக்கூடாது. தொடர்பற்ற சான்றுங்கிறாங்க.”

கட்டுரையை நீக்கச் சொன்னவர் தன்னை ‘ஓலைநறுக்கு’ என்று அழைத்துக்கொள்ளும் ஒரு தன்னார்வலர். ஊர், பேர் தெரியாது. ஆனால் நிதானமான ஆள். லூர்து சேர்த்திருந்த சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொறுமையாகவே மறுத்திருந்தார். நாளிதழில் வந்த ஐந்து வரி வெறும் திரையிடல் செய்தி. கல்லூரி விழா மலரில் வந்தது படக்கூடமே எழுதிக் கொடுத்த குறிப்பு. “எனக்கு இந்த நிறுவனத்தின் மேல் பகை இல்லை. எங்கள் ஊரிலும் குழாய் வறண்டுதான் இருக்கிறது” என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். இறுதி முடிவைச் சொல்வது மனிதரல்ல, நடுவர் என்ற மென்பொருள். தமிழில் இதுவரை அச்சான இதழ்கள் எல்லாவற்றையும் அதற்குப் படிக்கக் கொடுத்திருந்தார்களாம்.

இரண்டாம் நாள் லூர்து துள்ளிக்கொண்டு வந்தான்.

“கிறுக்குப் பயல் நான்! கையில வெண்ணெய வச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கேன். உங்க கட்டுரை, மைனி! ‘நிழற்கோடு’ல பதினோரு பக்கம்!”

வியாகுலத்துக்கு அது நினைவில்லாமல் இல்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. துறைமுக அலுவலகத்தில் தட்டச்சர். மாலையில் வீடு திரும்பி, ‘நிழற்கோடு’ என்ற சிற்றிதழுக்குத் திரைப்பட விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா ஆரோக்கியத்தின் முதலெழுத்தோடு, ஆ. வியாகுலம் என்று. ஆல்பன் யார் என்றே அப்போது தெரியாது. ‘ஏழாம் பாத்தி’யை ஒரு பள்ளிக்கூட ஹாலில் பார்த்துவிட்டு வந்து பதினோரு பக்கம் எழுதினாள். அதில் ஒரு வரி, பிறகு பலர் எடுத்துச் சொன்ன வரி: “பிணம் மூச்சு விடுகிறது, படம் விடவில்லை.”

இதழ் வந்த மறுவாரம் ஒரு ஒல்லியான ஆள் துறைமுக அலுவலகத்துக்கு வந்து, “ஆ. வியாகுலம் சாரைப் பாக்கணும்” என்று கேட்டான். பியூன் சிரித்துக்கொண்டே தட்டச்சு மேசையைக் காட்டினான். வந்தவன் முழித்தான். பிறகு கையிலிருந்த இதழை மேசைமேல் போட்டுவிட்டு, “அந்தப் பொணம் நாந்தாங்க” என்றான். அடுத்த வருடம் பனிமய மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது.

“எழுதும்போது தொடர்பு இல்லைல்லா?” என்றான் லூர்து. “அதான் முக்கியம். அதுவும் இந்தத் திட்டு திட்டியிருக்கீங்க. இதைவிடத் தொடர்பில்லாத சான்று எவன்கிட்ட இருக்கு?”

நடுவரும் அப்படித்தான் சொன்னது. “விரிவானது, ஆழமானது, புகழ்ச்சி நோக்கம் இல்லாதது. இச்சான்று ஒன்றே போதுமானதாக இருக்கலாம்.” அன்று மதியம் வியாகுலம் நாற்பத்தாறு மூச்சையும் எண்ணி முடித்துவிட்டு இன்னொரு முறையும் பார்த்தாள்.

நான்காம் நாள் ஓலைநறுக்கு எழுதினார்.

“ஆ. வியாகுலம் என்பது இயக்குநர் ஆல்பனின் புனைபெயர். வியாகுலம் அவருடைய மனைவியின் பெயர், ‘ஆ.’ என்பது கணவரின் முதலெழுத்து. மனைவி பெயரில் எழுதுவது தமிழ் எழுத்தாளர்களின் நெடுநாள் வழக்கம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தன் படத்தைத் தானே திட்டிக் கவனம் ஈர்ப்பதும் சிற்றிதழ் உலகுக்குப் புதிதல்ல. சான்று ஒன்று: ‘நிழற்கோடு’ வெள்ளிவிழா மலரில், ‘விமர்சகர் ஆ. வியாகுலத்துக்குப் பொன்னாடை’ என்ற படம். அதில் இருப்பவர் ஆல்பன். சான்று இரண்டு: அதே இதழின் அஞ்சலிக் குறிப்பு. ‘மனைவியின் பெயரில் ஒளிந்துகொண்டு காத்திரமான விமர்சனங்களை எழுதிய ஆல்பன் மறைந்தார்.’ ஆகவே இது தன்னைப் பற்றித் தானே எழுதிய சான்று. ஏற்க இயலாது.”

லூர்து இதைப் படித்துக் காட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

“பொன்னாடை என்ன கதை மைனி?”

“எனக்கு லீவு கிடைக்கல. தஞ்சாவூர் வரைக்கும் போகணும். உங்க அண்ணன்தான் நான் போயி வாங்கிட்டு வாரேன்னு போனாக. வந்து விழுந்து விழுந்து சிரிச்சாக. ‘நீங்கதான் வாங்கிக்கிடணும்னு எல்லாவனும் என்னைப் பாத்துக் கண்ணடிக்கான் வியாகுலம்’னு.” அவளும் அன்று சிரித்திருந்தாள். “அஞ்சலியைப் பாத்தப்ப ரெண்டு மாசம் கழிஞ்சிருந்துச்சு. அந்த நேரத்துல இதுக்குப் போயி மறுப்பு எழுதவான்னு விட்டுட்டேன்.”

“அந்த ஆசிரியர் இருக்காரா?”

இருந்தார். மெய்கண்டான், எண்பத்திரண்டு வயது, தஞ்சாவூரில் மகள் வீட்டில். வியாகுலம் மறுநாள் காலை போன் செய்தாள். முப்பது வருடம் கடிதத்தில் பழகிய மனிதர். குரலைக் கேட்பது முதல் முறை. அவருடைய கடிதங்கள் எல்லாம் ‘அன்புள்ள ஐயா’ என்றுதான் தொடங்கும். ஆரம்பத்தில் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அவள் ஒருமுறையும் திருத்தியதில்லை.

“சார், தூத்துக்குடியிலேருந்து வியாகுலம் பேசுறேன்.”

“வியாகுலமா? அவர் தவறிட்டாரேம்மா. ஆறு வருஷம் ஆச்சு. நான்தான் அஞ்சலி எழுதினேன்.”

“அது என் வீட்டுக்காரர் சார். வியாகுலம் நான்.”

“ஆமாமா. மிஸஸ் பேருதானே அது. அந்தப் பேர்லதானே எழுதுவாரு.”

“சார், எழுதினதே நான்தான்.”

அவர் மெதுவாக இருமினார். “அம்மா, நான் அம்பது வருஷம் பத்திரிகை நடத்தினவன். பொண்டாட்டி பேர்ல எழுதினவங்க எத்தனை பேரைப் பாத்திருப்பேன்? என் பேரே மெய்கண்டான் இல்லை, தெரியுமா? அதோட வியாகுலம்னா துக்கம்னு அர்த்தம். பெத்த புள்ளைக்கு யாராவது துக்கம்னு பேர் வைப்பாங்களா? புனைபெயர்னு படிச்ச அன்னிக்கே புரிஞ்சுக்கிட்டேன். மனைவி பேருங்கிறது பின்னாடிதான் தெரிஞ்சுது.”

“எங்க தெருவுலயே மூணு வியாகுலம் சார். மாதா பேரு.”

“அப்படியா!” என்று உண்மையாகவே வியந்தார். பிறகு தயங்கினார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்த நடை இருக்கே, ஈவு இரக்கமில்லாத நடை. அது ஆம்பளை நடை. ஒரு பொம்பளை அப்படி…”

“தப்பா எடுக்கல சார். அஞ்சலியில பிழை நேர்ந்துட்டுன்னு ஒரு வரி போட முடியுமா?”

“எதுல போடுறது? பத்திரிகை நின்னு நாலு வருஷம் ஆச்சே. லெட்டர் வேணா எழுதித் தரேன். ஆனா அவங்க அச்சுல வந்ததான்னுதானே கேப்பாங்க?”

அவர் சொன்னதே சரியாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் அவர் போனில் அனுப்பிய கடிதத்தை நடுவர் மரியாதையாகப் படித்துவிட்டு, அச்சில் வராத கூற்று அச்சில் வந்த கூற்றை மறுக்காது என்றது. கட்டுரைக்கு அடுத்த வருடம்தான் கல்யாணம் என்று காட்ட அவள் சேர்த்தனுப்பிய கோயில் பதிவேட்டின் நகலையும், அச்சில் வராதது என்றே தள்ளியது. ஆனால் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. அவள் அண்மையில் எழுதிய ஏதேனும் ஒன்றை அனுப்பினால், அந்த நடையைப் பழைய கட்டுரையின் நடையோடு ஒப்பிட்டுப் பார்க்குமாம். இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அண்மையில் அவள் எதையும் எழுதியிருக்கவில்லை. ஆல்பனைப் புதைத்த பிறகு பால்காரனுக்குச் சீட்டு எழுதியதுதான். அன்று பகல் முழுவதும் சாப்பாட்டு மேசையில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வரி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அது வந்ததும் கை தானாகப் போயிற்று. ‘ஏழாம் பாத்தி’யைப் பற்றியே எழுதினாள். அன்று தான் கண்ட குறைகளில் எவையெல்லாம் இன்றும் குறைகள், எவை தன்னுடைய அவசரம் என்று எழுதினாள். பிணம் மூச்சு விடுவதைப் பற்றி ஒரு பத்தி எழுதினாள். இயக்குநர் செத்துப்போனவர் என்பதை மட்டும் எழுதவில்லை. படத்தைப் பேசும்போது அனுதாபத்தைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது என்பது அவள் தொடக்கத்திலிருந்து வைத்திருந்த ஒழுங்கு. “ஆல்பன் இங்கே தயங்குகிறார்”, “ஆல்பனுக்குக் கூட்டத்தைச் சட்டகத்துக்குள் நிற்கவைக்கத் தெரிகிறது” என்று நிகழ்காலத்திலேயே எழுதிப் போனாள். அப்படி எழுதுவது அவளுக்கு இதமாகவும் இருந்தது.

சாயங்காலம் லூர்து நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தான். “அப்படியே இருக்கீங்க மைனி” என்றான். மூக்கை உறிஞ்சினான். “அந்தத் திமிரு அப்படியே இருக்கு.”

ஏழாம் நாள் காலை நடுவரே அழைத்தது. ஆணுமற்ற பெண்ணுமற்ற, அடக்கமான குரல். லூர்து ஒலியைக் கூட்டிப் போனை மேசைமேல் வைத்தான்.

“வணக்கம் அம்மா. ஒப்பீடு முடிந்தது. மூன்று எழுத்தும் ஒரே கையினுடையவை. இதில் ஐயமில்லை.”

லூர்து தொடையில் அடித்துக்கொண்டான். “சொன்னேம்லா!”

வியாகுலத்துக்கு மட்டும் உறைத்தது. “மூணா? நான் கொடுத்தது ரெண்டுதான?”

“பழைய கட்டுரை முதலாவது. நீங்கள் அனுப்பிய புதியது இரண்டாவது. மூன்றாவது, படக்கூடத்தின் இரண்டாம், மூன்றாம் படங்களின் வசனம். நீங்கள் தராவிட்டாலும் அவற்றையும் ஒப்பிடுவது என் கடமை.”

“அதை எழுதினதும் மைனிதான்!” என்றான் லூர்து.

“பெயர்ப் பட்டியலில் ‘எழுத்து, இயக்கம்: ஆல்பன்’ என்று இருக்கிறது.”

வியாகுலம் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பட்டியலில் வசனம் ஆ. வியாகுலம் என்றுதான் ஆல்பன் போட்டிருந்தான். எடுக்கச் சொன்னவள் அவள். நாளைக்கு இன்னொருத்தன் படத்தைக் குறை சொல்லி எழுதுகிறவள், ஒரு கம்பெனியின் பட்டியலில் பேர் போட்டுக்கொள்ளலாமா என்று சண்டை பிடித்தாள். ஒரு நாள் முழுக்கச் சண்டை. கடைசியில் அவன், “சரி தாயே, உன் நேர்மையைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம், எடுத்துடுதேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

“நான்தான் எடுக்கச் சொன்னேன்,” என்றாள். “விமர்சனம் எழுதுறவ அப்படிப் பேர் போட்டுக்கிடக் கூடாதுன்னு.”

“அது எங்கேனும் அச்சில் வந்திருக்கிறதா அம்மா?”

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“விமர்சனத்தை எழுதிய கையும் படங்களை எழுதிய கையும் ஒன்று. படங்களை எழுதியவர் ஆல்பன் என்று அவற்றின் பெயர்ப் பட்டியல் சொல்கிறது. ஆகவே விமர்சனத்தை எழுதியவரும் ஆல்பன். நீங்கள் அனுப்பிய புதிய கட்டுரையில் அவர் உயிரோடு இருப்பவராகவே பேசப்படுகிறார். அவர் விட்டுச்சென்ற கைப்பிரதி ஒன்றை நீங்கள் அனுப்பியிருப்பதாகக் கொள்கிறேன். துயரத்தில் இருப்பவர்கள் இப்படிச் செய்வதுண்டு. இதைக் குற்றமாகப் பதியவில்லை.”

“ஏய்!” என்று லூர்து போனைப் பார்த்துக் கத்தினான். “என் கண்ணு முன்னால இருக்கு அந்த மேசை. அந்தப் பேனா. முந்தாநாள் எழுதினாங்க.”

“தாங்கள் படக்கூடத்தின் ஒளிப்பதிவாளர். தொடர்புள்ள சாட்சி,” என்றது நடுவர். “உப்பாற்றுப் படக்கூடத்துக்குத் தொடர்பற்ற சான்று இல்லை. கட்டுரை நீக்கப்படுகிறது.”

வெளியே தண்ணீர் வண்டியின் மணி கேட்டது. ராஜாத்தி யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். வியாகுலம் எழுந்திருக்கவில்லை.

“ஆனால், அம்மா, வேறொரு வழி இருக்கிறது. ஆ. வியாகுலம் என்ற பெயரில் நாற்பத்து மூன்று கட்டுரைகள் வந்துள்ளன. பிற இயக்குநர்களின் படங்களைப் பற்றியவை. ஒன்பது நூல்கள் அவற்றை மேற்கோள் காட்டுகின்றன. இரண்டு பல்கலைக்கழகங்கள் பாடமாக வைத்துள்ளன. ஆ. வியாகுலம் சந்தேகமில்லாமல் குறிப்பிடத்தக்கவர்.”

அறுபத்திரண்டு வயதில் முதல் முறையாக அவள் அதைக் கேட்டாள். பாடமாக வைத்த விஷயம் அவளுக்குத் தெரியாது. யாரும் எழுதிச் சொல்லவில்லை. எழுதியிருந்தால் ‘அன்புள்ள ஐயா’ என்று எழுதியிருப்பார்கள்.

“ஆ. வியாகுலம் என்ற புனைபெயரில் எழுதிய ஆல்பன் என்று ஒரு கட்டுரை தொடங்கலாம். குறிப்பிடத்தக்க ஒருவரின் படைப்புகள் அனைத்தும் கிடங்கில் நிலைத்திருக்கும். மூன்று படங்களும் இருக்கும். ஒரே தடை, எழுதியது நீங்கள் என்ற உங்கள் மறுப்பு. அது பதிவில் உள்ளவரை கட்டுரையைத் தொடங்க இயலாது. அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் போதும். படிவத்தை அனுப்பியிருக்கிறேன். உரையாடல் பன்னிரண்டு மணிக்கு முடிகிறது.”

அழைப்பு நின்றது. மணி பதினொன்றேகால்.

லூர்து அவள் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தான்.

“வேண்டாம் மைனி. படம் போனாப் போகுது. நான் எடுத்ததுதான, நானே சொல்லுதேன். அண்ணனே இருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாக. நாப்பத்து மூணு கட்டுரை. ஆபீசுக்குப் போயி, சோறாக்கி, அதுக்கப்புறம் எழுதினது. அதை எப்படி அவிய பேர்ல…”

“உங்க அண்ணன் இருந்தா எனக்கு எதுக்கு லூர்து அந்தப் படம்?”

லூர்து தலைக்கவசத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“பாத்தியா,” என்றாள் அவள், “என்னை ஒருத்தரும் பொம்பளைன்னு நெனச்சுப் படிக்கல. அதனாலதான் ஒழுங்காப் படிச்சிருக்காங்க. அதுல எனக்கு ஒரு சந்தோசம் இருந்துச்சு. திருத்தியிருந்தா அன்னைக்கே திருத்தியிருக்கலாம்.”

“அது உங்க குத்தமா?”

“யார் குத்தம்னு பாக்க நேரமில்ல. மணி என்ன?”

அவளுக்கு அந்த நாற்பத்து மூன்றில் ஒவ்வொன்றின் முதல் வரியும் நினைவிருந்தது. மழைநாளில் எழுதியது எது, தன் வயிற்றில் மகள் தங்காமல் கலைந்த மாதம் எழுதியது எது, ஆல்பன் தேநீர் போட்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் போன நாளில் எழுதியது எது என்று தெரியும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பதினேழாவதில் நிறுத்திவிட்டாள். அவை எங்கும் போய்விடப் போவதில்லை. இருக்கும். படிப்பார்கள். படிவத்தை நிரப்பாவிட்டால் அவன் போய்விடுவான், அவ்வளவுதான். தண்ணீரில் போனவன் இந்த முறை தண்ணீருக்காகப் போவான்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிவத்தைத் திறந்தாள்.

“‘ஆ. வியாகுலம் என்ற பெயரில் வந்த எழுத்துகளுக்கும் எனக்கும் தொடர்பில்லை என்று உறுதி கூறுகிறேன்.’ சம்மதம் எனில் கட்டத்தைத் தொடவும்.”

தொட்டாள். லூர்து எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

“உறுதி கூறுபவர் பெயர்.”

ஆ. வியாகுலம் என்று தட்டினாள். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து எழுதிய பெயர், விரல் யோசிக்கவில்லை. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

“இது பிறர் ஒருவரின் புனைபெயராகப் பதிவாகியுள்ளது. தங்கள் சொந்தப் பெயரைத் தரவும்.”

வியாகுலம் அதை இரண்டு முறை படித்தாள். முதலெழுத்தை எடுத்துவிட்டு வியாகுலம் என்று மட்டும் போட்டுப் பார்த்தாள். அதே சிவப்பு வரி. வியாகுலமேரி என்று ஞானஸ்நானப் பெயரைப் போட்டாள். ‘மேற்கண்ட புனைபெயருடன் குழப்பம் ஏற்படலாம்’ என்று வந்தது. பன்னிரண்டு ஆக நான்கு நிமிடம் இருந்தது.

பெட்டியைக் காலி செய்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ‘திருமதி ஆல்பன்’ என்று தட்டினாள்.

உடனே ஏற்றுக்கொண்டது.